ஆண்டவருக்கு ஒரு சுண்டுவிரல் சுருட்டு

குழந்தைவேலுவுக்குச் சொத்து என்று இருந்தது அவனுடைய நாக்கு ஒன்றுதான். அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த குருநாதனின் சுருட்டுக் கொட்டகையில் மற்றவர்களெல்லாம் இலை கிழித்தார்கள், சுற்றினார்கள், நூல் கட்டினார்கள். இவன் ஒருத்தன் மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்து குடித்துப் பார்த்தான். அதற்குச் சம்பளம் வேறு! ஊரில் பாதிப் பேருக்கு இதில் வயிற்றெரிச்சல். புகைவிட்டுப் பிழைக்கிறவன் என்று கேலி பேசுவார்கள். பேசட்டுமே. அவன் செய்ததை அவர்கள் செய்துவிட முடியுமா?

சுருட்டைக் காதோரம் வைத்து விரலால் உருட்டுவான். பற்ற வைக்காமல் வெறும் இழுப்பு ஒன்று இழுப்பான். பிறகுதான் நெருப்பு. புகையை விழுங்காமல் வாய்க்குள்ளேயே புரட்டிவிட்டு, "இது உப்புக் கிணத்துத் தண்ணி பாஞ்ச இலை," என்பான். "இலையைப் பதமாக்கப் பாடம் போட்டப்ப மழை பேஞ்சிருக்கு, பூஞ்சை ஏறப்போவுது," என்பான். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் பச்சையாகப் பூத்திருக்கும். குருநாதன் மூக்கின் மேல் விரலை வைப்பார்.

அந்த நாக்கு ஒரு காய்ச்சலில் போய்விட்டது.

ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல். கொயினா மருந்தைக் குடித்துக் குடித்துக் காது அடைத்தது, முடி கொட்டியது. எழுந்து உட்கார்ந்தபோது உடம்பு தேறியிருந்தது, ருசி மட்டும் திரும்பவில்லை. ரசமும் வெந்நீரும் ஒன்று, புளியும் வெல்லமும் ஒன்று. சுருட்டு இழுத்தால் வாய்க்குள் சூடு தெரிந்தது, அவ்வளவுதான். பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

முதலில் கண்டுபிடித்தவள் அவன் பெண்டாட்டி முத்தாயி. ஒருநாள் கத்திரிக்காய்க் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். வழக்கம்போல, "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே, "நல்லாருக்கு," என்றான். அவள் கரண்டியை வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முத்தாயியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள். எல்லாப் பெண்களும் அப்படித்தான் என்றாலும் இவள் ஒருபடி மேலே. அவன் பெயரில் குழந்தை இருக்கிறதே என்று, பெற்ற மகளையே 'புள்ள' என்றுதான் சொல்லி வளர்த்தாள். முருகன் கோயிலில் நின்றுகொண்டு வேலைக் காட்டி, "சாமி கையில இருக்கிறது," என்பாள். ரேஷன் கடையில் புருஷன் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வாள். தெருவே சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் சொல்ல மாட்டாள்.

கொட்டகையில் குழந்தைவேலு கண்ணையும் காதையும் வைத்து ஒப்பேற்றினான். சாம்பல் வெள்ளையாக நிற்கிறதா, உருட்டினால் சத்தம் வருகிறதா என்று பார்த்துப் பொதுவாக எதையாவது சொல்லிவைப்பான். இப்படியே கொஞ்ச காலம் ஓட்டியிருப்பான், குருநாதனுக்குப் புது ஆசை வராமல் இருந்திருந்தால்.

சண்டைக்காலம் அது. பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து பர்மாச் சுருட்டு வரத்து நின்றுபோயிருந்தது. திருச்சியில் பட்டாளத்து ஆபீசர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஏஜெண்டு தர்மராஜ், சின்னதாக, உயர்ந்த ரகமாக ஒரு சுருட்டு வேண்டும் என்று கேட்டிருந்தார். பெருஞ்சுருட்டு பாதியில் அணைந்து வீணாகிறதாம். குருநாதன் நல்ல இலையாகப் பொறுக்கி, சுண்டுவிரல் அளவுக்கு வழவழவென்று சுற்றவைத்தார். தைக்கு முன்னால் ஏஜெண்டு வருவார், அவர் எதிரிலேயே குழந்தைவேலு குடித்துப் பார்த்துக் குறை நிறை சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. ஏஜெண்டும் லேசுப்பட்ட ஆள் இல்லை, சுருட்டிலேயே ஊறினவர். பூசி மெழுகினால் பிடித்துவிடுவார். பிடித்தால் குழந்தைவேலுவுக்கு அந்தக் கொட்டகையில் இடமில்லை. நாற்பது வயசுக்கு மேல் அவன் எந்த வேலைக்குப் போவான்? இலை கிழிக்கக்கூட அவனுக்குத் தெரியாது.

இந்தக் கவலையில் அவன் கிடந்தபோதுதான் விக்கிரமங்கலத்திலிருந்து வீராயி வந்தாள்.

ஐம்பது வயசு இருக்கும். நெடுநெடுவென்று உயரம், மடியில் வெற்றிலைப் பை. கொட்டகை வாசலில் நின்று குழந்தைவேலுவைத்தான் கேட்டாள். "எங்க ஆண்டவருக்கு அமாவாசைக்குச் சுருட்டு வெக்கணும்ங்க. பெருசு ஆவாது, சின்னதா, ஒசத்தியா இருக்கணும். நீங்களே வந்து பத்த வெச்சுக் குடுக்கணும். எங்க வூட்டுல சொந்தக்காரங்க வாய் வெக்கிற வழக்கம் இல்ல. உங்க நாக்குப் பட்டதுன்னா ஆண்டவருக்குத் திருப்தியா இருக்கும்."

ஆண்டவருக்கு என்றதும் இவன் சாமிக்கு என்று நினைத்துக்கொண்டான். யார்தான் நினைக்க மாட்டார்கள்? குழந்தைவேலு பிறந்தது பெரம்பலூர்ப் பக்கம். அங்கே அவன் ஊரில் முனியப்பனுக்குச் சுருட்டு வைப்பது உண்டு. வைக்கிறவன் பற்ற வைத்து ஒரு இழுப்பு இழுத்து, "நல்லாருக்கு சாமி," என்று சத்தமாகச் சொல்லித்தான் வைப்பான். முனிக்கு எச்சில் தீட்டெல்லாம் கிடையாது. சாமி காரியம் செய்தால் நாக்கு திரும்பினாலும் திரும்பும் என்று இவனுக்கு ஒரு நப்பாசை. குருநாதனிடம் கேட்டு அந்தச் சுண்டுவிரல் சுருட்டில் ரெண்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டான்.

அமாவாசையன்று கரி பஸ்ஸில் ஏறினான். பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓட்டிக்கொண்டிருந்த பஸ் அது, மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளி, ஏறி, பிறகு மீதி வழியை நடந்து விக்கிரமங்கலம் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வீராயி வீட்டு வாசல் தெளித்திருந்தது, ஆனால் கோலம் போடவில்லை. இவன் அதைப் பார்த்தான், பார்த்தும் மனசில் வாங்கவில்லை.

உள்ளறையில் தலைவாழை இலை. சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த மொச்சை, சொம்பில் தண்ணீர், மடித்த புது வேட்டி. விளக்கு ஒன்று எரிந்தது. வீராயி சைகையாலேயே அவனை உட்காரச் சொன்னாள். அவன் சுருட்டைப் பற்ற வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தான்.

அடேயப்பா! நாக்கில் இடி விழுந்த மாதிரி இருந்தது. முதலில் இனிப்பு, அதன் பின்னால் மிளகின் உறைப்பு, அதற்கும் பின்னால் இலை விளைந்த மண். அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அழுகையும் சிரிப்புமாக, ஊர் வழக்கப்படி உரக்க, "நல்லாருக்கு!" என்றான்.

விளக்கு அணைந்தது. காற்று இல்லை.

வீராயியின் முகம் வெளுத்துவிட்டது. சுருட்டை அவன் கையிலிருந்து பிடுங்கி இலையோரம் வைத்தாள், அவனை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "யாரைக் கேட்டுங்க சொன்னீங்க?" என்றாள். "படைச்ச இலையைப் பத்திப் படைச்சவங்க வாயத் தொறக்கக் கூடாது. யாருக்கு வெச்சமோ அவங்கதான் சொல்லணும். நீங்க சொல்லிட்டீங்களே. அப்ப இலை உங்களுதுன்னு ஆயிப்போச்சே."

சாமிக்கு அப்படித்தானே சொல்வார்கள் என்று இவன் திக்கித் திணறினான். எந்தச் சாமி என்று அவள் கேட்டாள். ஆண்டவர் என்பது அவள் தம்பியின் பெயர். போன வருஷம் பாம்பு கடித்துச் செத்துப்போனவன். குருநாதன் கொட்டகைச் சுருட்டைத் தவிர வேறு எதையும் தொடாதவன்.

குழந்தைவேலுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் குதித்துக்கொண்டிருந்ததை மறைக்க முடியுமா? செத்தவன் சாப்பிடும் நேரம் விட்டுக் கதவைத் திறந்ததும் வீராயி முகத்தை இறுக்கிக்கொண்டு இலைச் சோற்றைக் கொஞ்சம் கட்டிக் கொடுத்தாள். வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தின்றான். கருவாட்டு உப்பு, மொச்சையின் மாவு ருசி, புளி. விரலை நக்கி நக்கித் தின்றான். நாக்கு வந்துவிட்டது, செத்தவனாவது, சாபமாவது என்று தைரியம் சொல்லிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து முத்தாயி ஊற்றிய குழம்பில் கை வைத்தான். மண்.

இன்னொரு வாய் வைத்தான். அதுவும் மண். மடியில் மிச்சமிருந்த இன்னொரு சுருட்டைப் பற்ற வைத்து இழுத்தான். வெறும் சூடு. மடித்துக் கொண்டுவந்திருந்த கட்டுச்சோற்றின் இலையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தான். கருவாட்டு ருசி அப்படியே ஏறியது. அப்போதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. இருக்கிறவன் சோற்றில் அவனுக்கு ருசி இல்லை. செத்தவன் இலையில் மட்டும் இருக்கிறது.

முத்தாயியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. விபூதி எடுத்துப் பூசிவிட்டு, ராத்திரி முழுக்க அவன் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள்.

சில நாள் கழித்து வீராயியே தேடிக்கொண்டு வந்தாள். வந்தவள் கண்ணில் தூக்கம் இல்லாத சிவப்பு. தினமும் தம்பி கனவில் வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறானாம். சோற்றைப் பிசைகிறானாம், வாயில் வைக்கிறானாம், அப்படியே கீழே விடுகிறானாம். "அக்கா, எல்லாம் மண்ணா இருக்குங்கிறான். உசுரோட இருந்தப்ப எவ்வளவு ருசியாத் தின்ன புள்ள அவன். செத்தும் பட்டினி போடறீங்களே," என்று அழுதாள்.

அவள் யாரையோ விசாரித்துக்கொண்டும் வந்திருந்தாள். தீர ரெண்டு வழி இருக்கிறதாம். வருகிற அமாவாசைக்குக் குழந்தைவேலு மறுபடி வந்து சுருட்டுப் பற்ற வைத்து, கடைசிவரை வாயைத் திறக்காமல் இருந்தால், தம்பியின் இலை தம்பிக்கே போய்விடும். ஆனால் இவன் நாக்கு பழையபடி செத்துவிடும், அப்புறம் ஒருநாளும் வராது. இன்னொரு வழி, குழந்தைவேலுவுக்கென்று தனியாக ஒரு இலை போடுவது. சொந்த மனுஷி ஒருத்தி படைத்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். செத்தவர்களைக் கூப்பிடுகிற மாதிரியே. இவன் தன் இலைக்குப் போய்விட்டால் தம்பி இலை தம்பிக்கே விடுபடும், இவன் நாக்கும் இவனிடமே தங்கும்.

குழந்தைவேலு மெல்லத் தலையைத் திருப்பி முத்தாயியைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. அவள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். "உசுரோட இருக்கிறவருக்கு நான் எப்படிங்க இலை போடுவேன்?" என்றாள். "வேற எது வேணாலும் சொல்லுங்க. இது மட்டும் என்னால ஆவாது."

அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. வேண்டாம், நான் அமாவாசைக்கு வந்து வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன் என்று வீராயிக்கு வாக்குக் கொடுத்தான். உதவாத நாக்கை வைத்துக்கொண்டு செத்தவனைப் பட்டினி போடுவானேன் என்றான். சொல்லிவிட்டானே தவிர, அன்றைக்கு அவன் கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை. அமாவாசைக்கு முன்னாலேயே ஏஜெண்டு வருகிற நாள் வந்து நின்றது.

குருநாதன் முந்தின நாள் இன்னும் ரெண்டு சுண்டுவிரல் சுருட்டைக் கொடுத்து, குடித்துப் பழகிக்கொள்ளச் சொல்லியிருந்தார். காலையில் கிளம்பும்போது முத்தாயி அதில் ஒன்றைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டாள். எதற்கு என்று கேட்கும் நிலையில் அவன் இல்லை, கொடுத்துவிட்டுப் போனான்.

கொட்டகையில் அன்று வேலையை நிறுத்தி எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஏஜெண்டு தர்மராஜ் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ஏற்கெனவே ஒன்றைப் புகைத்து முடித்திருந்தார். அவர் மனசில் ஒரு தீர்ப்பு இருக்கிறது, இவன் சொல்வது அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப்போகிறார். குருநாதன் சாமி முன்னால் நிற்கிறவர் போலக் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

குழந்தைவேலு காதோரம் உருட்டினான். வெறும் இழுப்பு இழுத்தான். ஒன்றும் இல்லை. பற்ற வைத்தான். வாய்க்குள் சூடு நிரம்பியது, புரட்டினான், மண். இன்னொரு இழுப்பு. மண். ஏஜெண்டு புருவத்தைத் தூக்கினார். குழந்தைவேலுவுக்கு வேர்வை கழுத்தில் வழிந்தது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம் என்று வாயைத் திறந்தான்.

யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தான், கொட்டகையில் யாரும் உதட்டை அசைக்கவில்லை. பெண்குரல். தெரிந்த குரல். ஆனால் அந்தக் குரல் அந்தப் பெயரைச் சொல்லி அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த நொடியில் புகைக்குள் இனிப்பு எழுந்தது.

பேசினான் பாருங்கள், கொட்டகையே வாயைப் பிளந்தது. தொடக்கம் இனிப்பு, வெல்லத் தண்ணீர் தெளித்த இனிப்பு இல்லை, இலையின் சொந்த இனிப்பு என்றான். நடுவில் மிளகுக் காரம் வருகிறது, ஆபீசர்களுக்கு அது பிடிக்கும் என்றான். ஆனால் கடைசி அங்குலத்தில் ஒரு கசப்பு அடிக்கிறது, உள்ளே வைத்த இலைகளில் ஒன்று சரியாகப் பாடமாகவில்லை, அதை எடுத்துவிட்டு வேறு வைத்து, கட்டிவைத்துப் பழக விட்டு அனுப்புங்கள், இப்போதே அனுப்பினால் பெயர் கெடும் என்றான். இடையில் ஒருமுறை தடுமாறினான். புகைக்குப் பின்னால் கத்திரிக்காய்க் குழம்பு ருசி வந்தது. அதை மட்டும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டான்.

ஏஜெண்டு தர்மராஜ் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். அந்தக் கசப்பைத்தான் இவன் சொல்கிறானா என்று காத்திருந்தாராம். குருநாதனுக்கு நிலைகொள்ளவில்லை, வெற்றிலைத் தட்டை அவனிடம் நீட்டினார். குழந்தைவேலு அதைத் தொடாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினான். சந்தோஷம்தான். ஆனால் அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை, ஓடஓடப் பயமும் கூடவே வந்தது.

உச்சி வெயில். அவன் வீட்டு வாசல் தெளித்திருந்தது. கோலம் இல்லை. கதவு சாத்தியிருந்தது. வெளியே ரெண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி, முத்தாயி சொல்லியனுப்பி வந்திருந்த வீராயி, அவளிடம் சுருட்டு வாடை அடித்தது. சொந்தக்காரர்கள் வாய் வைக்கக் கூடாதே, பற்ற வைத்துக் கொடுத்தவள் அவள்தான். இன்னொருத்தி முத்தாயி. தலையில் பூ இல்லை. நெற்றியில் பொட்டு இருந்த இடம் துடைத்து வெறுமையாக இருந்தது.

"என்ன காரியம் பண்ணினே," என்று அவன் கத்திக்கொண்டே கதவைத் தள்ளப்போனான். முத்தாயி குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள்.

"இருங்க, உள்ள போவாதீங்க," என்றாள் மெதுவாக. "உள்ள நீங்க சாப்புட்டுக்கிட்டு இருக்கீங்க."

கதவிடுக்கிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. சுண்டுவிரல் சுருட்டின் புகை, தொடக்கத்து இனிப்போடு. குழந்தைவேலு அப்படியே நின்றான். காலையிலிருந்து அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் வாய்க்குள் சுடுசோறு பரவிக்கொண்டிருந்தது. கத்திரிக்காய், புளி, தாளித்த கடுகு, எல்லாம் ஒவ்வொரு கவளமாக வந்தன. எவ்வளவு ருசி! அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் வந்தது.

முத்தாயி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒன்றுக்காகத்தான் அவள் அத்தனையும் செய்திருந்தாள். செய்தது பலித்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்துகொள்ளவும் பயம். முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து கேட்பதையே கேட்டாள்.

"உப்பு சரியா இருக்கா?"

வீராயி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். படைத்த இலையைப் பற்றி யார் சொல்லலாம், யார் சொல்லக் கூடாது என்று அவனுக்கும் தெரியும், சொன்னால் செத்தவனுக்குப் போடுகிற இலை தன்னுடையதுதான் என்று அவனே ஒப்புக்கொண்டதாகும். நாக்கைப் புரட்டிப் பார்த்தான். பொய் சொல்ல அந்த நாக்குக்கு வராது.

"கொஞ்சம் கம்மி," என்றான் குழந்தைவேலு.

வேண்டுமென்றே ஒரு கல் உப்புக் குறைத்துப் போட்டிருந்த முத்தாயி, வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.